சிவப்பு நூல் கட்டிய பை

மாரியம்மன் துணை.
கல்லோடைத் தோட்டம், கொஸ்லந்த.
1919 செப்டம்பர் 16

ஸுலைஹா அக்காவுக்குப் பாக்கியலெட்சுமி எழுதுவது.

இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது என்ன முகத்தோடு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கு வேண்டியதுதான். உங்கள் வீட்டுக்காரர் ஸஹாப்தீன் அண்ணன் தவறிப்போன செய்தி ஆடியிலேயே வந்தது. பதுளைக்குப் போய் வருவோம் என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார். நான்தான் சாக்குச் சொன்னேன். காய்ச்சல் கண்ட வீடு என்றார்கள். போன வருஷக் காய்ச்சலில் எங்கள் தோட்டத்தில் ஒரே மாதத்தில் நாற்பது பேரைப் புதைத்ததைப் பார்த்தவள் நான். எனக்கு இருப்பது ஒரே மகள். பயந்துவிட்டேன் அக்கா. உங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து எத்தனை தடவை சோறு தின்றிருக்கிறேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கத்தையும் விழுங்கிக்கொண்டு ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது. அரிசிக் கப்பல் ஒழுங்காக வராததால் தோட்டத்தில் அளக்கும் அரிசியைப் பாதியாக்கிவிட்டார்கள். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளின் கன்னம் ஒட்டிப்போயிற்று. துரை லயங்களுக்குக் கீழே இருந்த காட்டை வெட்டச் சொல்லி, குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று அறுபத்திரண்டு துண்டு பிரித்துக் கொடுத்து, மரக்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நவம்பர் முடிவதற்குள் பச்சை தெரியாத துண்டைத் திருப்பி எடுத்துத் தேயிலை நட்டுவிடுவாராம். நிலம் கொடுத்தவர் விதை கொடுக்கவில்லை. கொஸ்லந்தக் கடைகளில் வெந்தயம்கூட இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்று என் வீட்டுக்காரர் தலையில் பொறுப்பைப் போட்டுவிட்டார்கள். இவர் தலையில் விழுவதெல்லாம் உருண்டு என் மடிக்குத்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா.

போன சித்திரையில் வந்தபோது உங்கள் கடையின் பின்னறையில் ஈயத்தகடு போட்ட தேயிலைப் பெட்டிக்குள் போஞ்சி விதை பையில் கட்டி இருந்ததைப் பார்த்தேன். பதினாறாம் வருஷத்து மிச்சம் என்று அண்ணன் சொன்னார். அந்த மிச்சம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் முளைக்குமா? செத்த விதையை நட்டு இந்த மழையை வீணாக்கினால் அடுத்த மழைக்கு இங்கே எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று சொல்ல முடியாது. பார்த்து எழுதுங்கள்.

பாக்கியலெட்சுமி


அல்லாஹ் போதுமானவன்.
பதுளை.
1919 செப்டம்பர் 25

தங்கச்சி பாக்கியலெட்சுமிக்கு,

உன் கடிதத்தை ஒரு நாள் முழுவதும் பிரிக்காமல் வைத்திருந்தேன். கோபம்தான், வேறென்ன. மையத்து எடுத்த அன்று வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீ வந்துவிட்டாய் என்று நினைத்தேன். பயந்தேன் என்று உண்மையை எழுதிவிட்டாய். அதனால் பதில் எழுதுகிறேன்.

நான் இத்தாவில் இருக்கிறேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டாமல் இருக்கும் காலம் அது. நவம்பர் கடைசியில்தான் முடியும். வீட்டுக்கு முன்னால் இருக்கும் நம் கடைக்குள்கூட நான் போக முடியாது. கடையை இப்போது அவருடைய தம்பி ஜுனைதீன் பார்க்கிறார். துணி வியாபாரம் செய்தவர். வெண்டி விதைக்கும் மிளகுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் நல்லவர்.

நீ கேட்ட பெட்டி இருக்கிறது. ஜுனைதீனிடம் பையிலிருந்து ஒரு பிடி அள்ளிவரச் சொன்னேன். அதில் பார்க்காமல் இருபது விதையை எடுத்து, ஈரத்துணியில் சுருட்டி, அடுப்பங்கரையில் ஐந்து நாள் வைத்தேன். உன் அண்ணன் அப்படித்தான் செய்வார். இருபதில் ஏழு வண்டு துளைத்தவை. அவை ஊறி நாற்றமெடுத்தன. மற்ற பதின்மூன்றும் முளைவிட்டன. நாலு தடவை எண்ணினேன்.

பத்துக்குக் கீழே போனால் கொட்டிவிடு, மேலே வந்தால் குழிக்கு இரண்டாகப் போடு என்பார் அவர். கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் போடலாம், வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. நான் புடைத்துக் கொடுத்தவள், சாம்பல் கலந்து கட்டிவைத்தவள், பொட்டலத்தில் பெயர் எழுதியவள். எழுத்தே அதற்காகத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் முதலில் எழுதிய சொல் முள்ளங்கி. அப்படிப்பட்டவள் அறுபத்திரண்டு குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்வதா என்று மூன்று தொழுகைக்கு யோசித்துக்கொண்டே இருந்தேன்.

போடுங்கள். குழிக்கு இரண்டு. ஜுனைதீன் மூட்டை கட்டி நாளை வண்டியில் அனுப்புவார். முளைக்காவிட்டால் என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே.

ஸுலைஹா


மாரியம்மன் துணை.
கல்லோடைத் தோட்டம்.
1919 அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

மூட்டை வந்து சேர்ந்தது. நீங்கள் புண்ணியவதி. நேற்று முழுக்க அளந்தே என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

அளப்பதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன், கேட்டால் சிரிப்பீர்கள். பசித்தவர்கள் கையில் போஞ்சி விதையைக் கொடுத்தால் அது குழிக்குப் போகுமா, சட்டிக்குப் போகுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் எல்லோரையும் அம்மன் கோயில் முன்னால் வரச் சொல்லி, கற்பூரம் கொளுத்தி, இதில் ஒரு விதைகூட எங்கள் அடுப்புக்குப் போகாது என்று குடும்பத்துக்கு ஒருவராகக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அறுபத்திரண்டு சத்தியம். எல்லோரும் அடங்கி ஒடுங்கி அடித்துவிட்டுப் போனார்கள். இராக்கம்மா என்று ஒரு வாயாடி, கொழுந்து எடுப்பதில் முதல் ஆள், அவள் மட்டும் சத்தியம் செய்துவிட்டு என்னைப் பார்த்து, “அளக்கிற கையி சத்தியம் பண்ண வேணாமாங்கம்மா?” என்றாள். அளக்கிற கை உன் வயிற்றுக்காகத்தான் வலிக்கிறது, போய்க் குழி வெட்டு என்று விரட்டிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் கை வைத்தால் வண்டும் பயப்படும்போல. நீங்கள் இருபதில் ஏழு துளை என்று எழுதியிருந்தீர்கள். மூட்டை முழுக்க அளந்தும் ஒரு துளை, ஒரு வண்டு நான் பார்க்கவில்லை. மூன்று வருஷத்து விதை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு பிடியைச் சாம்பல் போகக் கழுவிப் பார்த்தேன், புதுசாகப் பறித்ததுபோலப் பளபளவென்று இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை வீடு என்று தனி நியாயம் கிடையாதாம். நாங்கள் அதற்காக விதையில் கை வைக்கவில்லை, வந்ததை அப்படியே அளந்துவிட்டேன். மழை தொடங்கிவிட்டது.

பாக்கியலெட்சுமி


பதுளை.
1919 அக்டோபர் 8

பாக்கியலெட்சுமி,

இதை நின்றுகொண்டு படிக்காதே, ஆனால் படித்தவுடன் எழுந்து ஓடு. அந்த விதையை யாரும் தின்னக்கூடாது. ஒரு பிடிகூட. கழுவினாலும் கூடாது, அவித்தாலும் கூடாது. கையில் எடுத்தவர்கள் கையைக் கழுவச் சொல். கோழிக்குப் போட்டிருந்தால் அந்தக் கோழியையும் தின்னக்கூடாது.

பெட்டிக்குள் இரண்டு பை இருந்தன. ஒன்றில் சாம்பல் மட்டும் கலந்தது. நான் சோதித்தது அதைத்தான், அதில்தான் வண்டு விழுந்திருந்தது. மற்றதில் சாம்பலோடு வெள்ளைப் பாஷாணமும் கலந்திருந்தது. எலிக்கு வைப்பார்களே, அதுதான். அதற்கு முந்தைய வருஷம் விதை முழுவதையும் வண்டு அரித்துவிட்டதால் நடுவதற்கென்றே ஒரு பையை உன் அண்ணன் அப்படிச் செய்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கலந்தவள் நான்தான். பையின் வாயில் சிவப்பு நூல் கட்டியவளும் நான்தான். வண்டே இல்லை என்று நீ எழுதியதைப் படித்த உடனே எந்தப் பை வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜுனைதீனைக் கேட்டேன். ஒரு பையில் ஓட்டை விதை, மற்றதில் நல்ல விதை. காக்காவுக்கு, தன் அண்ணனுக்கு, கெட்ட பெயர் வரக்கூடாது என்று நல்லதை வேறு சாக்கில் கொட்டி அனுப்பினாராம். நூலைப் பெரிதாக நினைக்கவில்லை. சிவப்பு நூல் கட்டியதைத் தொடாதீர்கள் என்று நான் சொன்னேனே என்றேன். நீங்கள் சொல்லவில்லை மதினி என்கிறார். சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. மனதுக்குள் நினைத்துக்கொண்டு சொன்னதாக எண்ணிவிட்டேனா? அந்த நாட்களில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

தந்தி அடியுங்கள் என்று இரண்டு நாள் கெஞ்சினேன். அவர் கடையை விட்டு அசையவில்லை. “மதினி, தந்தி தொரைட கைக்குத்தான் போகும். பொலிஸ் நம்மட வாசலுக்கு வரும். எல்லாரும் நட்டிருப்பாங்க, நீங்க சும்மா இரிங்க” என்கிறார். சும்மா இருக்க முடியுமா? எந்தக் குழந்தை எந்தச் சட்டியைச் சுரண்டுகிறது என்றே நினைவு ஓடுகிறது. இன்று விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு உன் அண்ணனுடைய குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நானே தபால் கந்தோருக்கு வந்துவிட்டேன். இத்தாவில் படி தாண்டிவிட்டேன். ஊர் என்ன சொல்லுமோ சொல்லட்டும்.

பண்டாரவளைக்கு அப்பால் மண் சரிந்து தந்திக்கம்பி அறுந்துகிடக்கிறதாம். தபால்காரர் சரிவின்மேல் ஏறி நடந்து போவாராம். எத்தனை நாளாகும் என்று சொல்லத் தெரியாதாம். கந்தோர் வாசலில் நின்றே எழுதுகிறேன். நீ வாங்கிய சத்தியம் ஒன்றைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஸுலைஹா


கல்லோடைத் தோட்டம்.
1919 அக்டோபர் 9

அக்கா,

யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இவருக்கு மூன்று நாளாக வாந்தியும் வயிற்றுப்போக்கும். தொண்டை எரிகிறது, காலில் நரம்பு இழுக்கிறது என்று கத்துகிறார். டிஸ்பென்சர் வாசலில் நின்றபடி பார்த்துவிட்டு வாந்திபேதி என்று சொல்லி மருந்துத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார். ஐந்து நாளில் தெளியாவிட்டால் ஆற்றோரத்துக் கொட்டகைக்குத் தூக்கிப்போவார்களாம். அங்கே போனவர் யாரும் நடந்து திரும்பியதில்லை. மகளை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பாதையில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். ஒரு ஆள் எட்டிப் பார்ப்பதில்லை. இராக்கம்மா மட்டும் காலையில் தன் அரிசியில் காய்ச்சிய கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு, குடிக்கும்வரை போகமாட்டேன் என்று நிற்கிறாள்.

விதை முளைத்துவிட்டது. கீழே பார்த்தால் எல்லாத் துண்டிலும் சின்னச் சின்னதாகப் பச்சை தெரிகிறது. அழகர் என்பவனின் துண்டு மட்டும் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. பெண்டாட்டி இல்லாதவன், மூன்று பிள்ளைகள். சத்தியத்தை மீறி விதையைத் தின்றது அவன்தான், அந்தக் குற்றம்தான் தோட்டத்தில் வாந்திபேதியாக இறங்கிவிட்டது என்று பேசுகிறார்கள். கோயிலில் அவனுக்குத் திருநீறு கொடுப்பதில்லை. அவன் பிள்ளைகளை ஓடைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை. முள்ளம்பன்றி தோண்டியது என்று அவன் சொல்வதை யாரும் கேட்கவில்லை.

நான் என்ன சொல்ல முடியும் அக்கா? எனக்கும் வயிறு சரியில்லை.

பாக்கியலெட்சுமி


பதுளை.
1919 அக்டோபர் 14

தங்கச்சி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. என் எட்டாம் தேதிக் கடிதம் உனக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைக்காமல் இருந்தால் என்று நினைத்து அதையே திரும்பச் சொல்கிறேன்: நான் அனுப்பிய விதையில் வெள்ளைப் பாஷாணம் கலந்திருந்தது.

தொண்டை எரிச்சல், நரம்பு இழுப்பு என்று எழுதியிருக்கிறாய். அது வாந்திபேதி இல்லை. உன் வீட்டில் அந்த விதையைத் தின்றீர்களா? என்மேல் ஆணையாகச் சொல். என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, டிஸ்பென்சரிடம் சொல். பாஷாணம் என்று பெயர் சொல்லிச் சொல். அதற்கு வேறு மருந்து. பால் கிடைத்தால் கொடு, முட்டையின் வெள்ளையைக் கொடு.

அழகர் தின்றிருந்தால் அழகரல்லவா கிடப்பார்? இதை நீ யோசிக்காமல் இருந்திருக்கமாட்டாய்.

நான் உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. விஷத்தைக் கலந்த கை என்னுடையது, கட்டிவைத்த கையும் என்னுடையது. உன் வீட்டுக்காரர் பிழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு அல்லாஹ்விடம் போவேன்? வாசலில் யார் தட்டினாலும் மையத்துச் செய்திதான் என்று நினைக்கிறேன். ஒரு வரி எழுது.

ஸுலைஹா


மாரியம்மன் துணை.
கல்லோடைத் தோட்டம்.
1919 அக்டோபர் 29

அக்கா,

தின்றது நாங்கள்தான்.

இரண்டு கொத்து அளவு விதையை ஒதுக்கி உப்புப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அறுபத்திரண்டு பேரிடம் சத்தியம் வாங்கிவிட்டு, அவர்கள் போன பிறகு எடுத்துவைத்தேன். பசி என்றுகூடச் சொல்ல முடியாது. பசி வந்துவிடுமோ என்ற பயம். ஆறாம் தேதி ஊறவைத்து, தேங்காய் போட்டு அவித்தேன். ஏது என்று இவர் கேட்டார். கொஸ்லந்தக் கடையில் ஒளித்து வைத்திருந்தார்கள் என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறைந்தது என்று சொல்லி இரண்டாம் தடவையும் போடச் சொன்னார். நான்தான் போட்டேன். மகளுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை, வெறும் கஞ்சி குடித்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். நான் மிச்சத்தைத்தான் தின்றேன், அதனால் ஒரு நாள் வாந்தியோடு போயிற்று.

உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் பதின்மூன்றாம் தேதி மத்தியானம் வந்தது. படித்துவிட்டு முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? இதை அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அதனால் எழுதுகிறேன். அப்போது இவர் உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டார். ஓடிப்போய் டிஸ்பென்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தை மாற்றினார். இவர் பிழைத்துக்கொண்டார் அக்கா, நீங்கள் தொழுதது வீண்போகவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. முளைக்காத குழிக்குப் போட என்று லயத்தில் எல்லோரும் கொஞ்சம் விதையை மிச்சம் வைத்திருந்தார்கள். அதை யாராவது தின்றுவிட்டால்? விஷம் என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அன்று இரவு முழுக்கப் புரண்டேன். மறுநாள் விடியற்காலை எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது போய் நின்று சொன்னேன். விதை விஷம், தின்றது என் வீடு, அழகர்மேல் பிழையில்லை என்றேன். பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழகர் மட்டும் முன்னால் வந்தார். “எம் புள்ளைங்க பசியில அழுதப்பகூட அதத் தொடலங்கம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னைவிட மூத்தவர் அவர், இத்தனை நாளாக அவன் இவன் என்றுதான் பேசி வந்திருக்கிறேன்.

அவர் துண்டைத் தோண்டிய முள்ளம்பன்றி ஓடைப்பக்கம் செத்துக் கிடந்ததாம். அதையும் தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயந்து சொல்லாமல் இருந்தாராம். அன்று எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். மிச்ச விதையைப் பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டோம்.

இப்போது வேறு பயம் வந்திருக்கிறது. கொடி குச்சியில் ஏறிவிட்டது. துரை பார்த்துவிட்டு நிலத்தை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் முள்ளம்பன்றியைக் கொன்ற விதையின் காயை யார் தின்பது? பிடுங்கி எறியலாம் என்கிறார்கள் பாதிப் பேர். அரிசி இந்த வாரம் இன்னும் குறைந்துவிட்டது. காயில் விஷம் ஏறுமா அக்கா? அண்ணன் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

இவருக்கு விரல்கள் மரத்துப்போய்விட்டன. பேனா பிடித்தால் நழுவுகிறது. ஆட்களின் பேர் பதியும் செக்ரோலை நான்தான் எழுதுகிறேன். நான் என்ன செய்தேன் என்று தெரிந்த பிறகும் இவர் என் கையால்தான் சாப்பிடுகிறார். தட்டை என் பக்கம் தள்ளுகிறார், நான் ஊட்டுகிறேன்.

பாக்கியலெட்சுமி


அல்லாஹ் போதுமானவன்.
பதுளை.
1919 நவம்பர் 30

தங்கச்சிக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. பிடுங்காதீர்கள், பொறுங்கள் என்று மட்டும் அன்று ஒரு வரி அனுப்பினேன். மிச்சத்தைத் தெரியாமல் எழுத எனக்குத் தைரியமில்லை. ஒரு தடவை தெரியாமல் எழுதியது போதும்.

அவர் அந்த விதையை நம் கொல்லையில் போட்டதாகவும் காயை நாங்கள் தின்றதாகவும் நினைவு. ஆனால் அது சிவப்பு நூல் பையிலிருந்து எடுத்ததா, மற்றதிலிருந்தா? எவ்வளவு நினைத்தாலும் அவர் மண்ணில் குனிந்திருந்த முதுகுதான் நினைவுக்கு வருகிறது, பை வரவில்லை.

அதனால் வேறு வழி பார்த்தேன். ஜுனைதீன் உள்ளே கொண்டுவந்து தந்த பெட்டியின் அடியில் சிவப்பு நூல் பையிலிருந்து சிந்திய விதை நாலு கிடந்தது. உன் வீட்டுக்காரர் படுத்துக்கிடந்த நாட்களில், முளைக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று கொல்லையில் ஊன்றியிருந்தேன். மூன்று முளைத்தன. இந்த வாரம் விரல் நீளத்துக்குக் காய் விட்டன. நான் பறித்துத் தின்பதென்று முடிவு செய்து, செவ்வாய்க்கிழமை இத்தா முடிந்து குளித்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அங்கே ஜுனைதீன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொடியில் இருந்த காயை ஒன்றுவிடாமல் பறித்துப் பச்சையாகவே மென்றார். கையைப் பிடிக்கப் போனேன், பிடிக்க முடியுமா? பதினோரு காய். தின்றுவிட்டு, “அனுப்பினது நான்தானே மதினி” என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் இருமுகிறாரா, ஓங்கரிக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்றோடு ஐந்து நாள். நன்றாகத்தான் இருக்கிறார்.

ஆனால் ஒரு ஆள், பதினோரு காய். உங்கள் மண் வேறு, எங்கள் மண் வேறு. ஒரு நாள் தின்பது வேறு, பிள்ளைகள் தினமும் தின்பது வேறு. தின்னுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதை அப்படியே அவர்களிடம் படித்துக் காட்டு.

ஸுலைஹா


மாரியம்மன் துணை.
கல்லோடைத் தோட்டம்.
1919 டிசம்பர் 9, சாயங்காலம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அம்மன் கோயில் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தேன். ஜுனைதீன் தின்றதைக் கேட்டு நாலைந்து பேர் தலையசைத்தார்கள். ஆனால் ஒருவரும் தங்கள் துண்டுப் பக்கம் போகவில்லை. காய் முற்றத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் கொடிக்குக் கிட்டப் போனால் அடித்து இழுக்கிறார்கள். நேற்று ஒரு குழந்தை பசியில் மயங்கி விழுந்தது. கொடியில் காய் தொங்குகிறது, கீழே குழந்தை கிடக்கிறது.

இராக்கம்மாதான் பேசினாள். “நீங்க மொதல்ல சாப்புடுங்கம்மா. நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்” என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. அன்று சத்தியம் கேட்டபோது இருந்ததுபோலத்தான் இருந்தது.

சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலைவாரிவிடும்போது வாரிய தலையையே திரும்பத் திரும்ப வாரினேன். ஏதாவது ஆனால் இவருக்கு ஊட்டுவதற்கு யார்? செக்ரோலை எழுதுவது யார்? உங்களுக்கு எழுதிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன், இன்னும் நாலு நாள் தள்ளிப்போகுமே என்று. பிறகு நீங்கள் குடையோடு கந்தோர் வாசலில் நின்று எழுதியதை நினைத்துக்கொண்டேன்.

காயை அழகர் துண்டிலிருந்து கேட்டேன். கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது, அவரே பறித்துச் சுளகில் கொண்டுவந்தார். இன்று மத்தியானம் கோயில் முன்னால் கல் கூட்டி, எல்லோரும் பார்க்க அவித்தேன். தின்பதற்கு முன் இராக்கம்மாவிடம் கற்பூரம் கேட்டு வாங்கிக் கொளுத்தினேன். எனக்குத் தெரிந்த எதையும் மறைக்கவில்லை என்று அடித்துச் சத்தியம் செய்தேன். அறுபத்து மூன்றாவது சத்தியம். பிறகு உட்கார்ந்து முழுச் சட்டியையும் தின்றேன். ருசி என்ன என்று கேட்காதீர்கள், தெரியாது. இவரைத் தூக்கி வந்து கோயில் திண்ணையில் உட்காரவைத்திருந்தார்கள். தின்று முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை காலைவரை பார்ப்போம் என்று பேசிக் கலைந்து போனார்கள். இன்றும் லயத்தில் யாரும் காய் பறிக்கவில்லை.

விளக்கு வைத்தாயிற்று. வயிற்றில் ஏதோ புரள்கிறது. பயமா, காயா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொண்டையை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். மகள் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை மூடாமல் வைக்கிறேன். காலையில் நான் எழுந்தால் கீழே ஒரு வரி இருக்கும். இல்லாவிட்டால் இதை யாராவது அப்படியே தபாலில் போடுவார்கள், நீங்கள் தெரிந்துகொள்வீர்கள். எப்படியானாலும் உங்கள்மேல் பிழையில்லை அக்கா.

பாக்கியலெட்சுமி

டிசம்பர் 10, காலை.

எழுந்துவிட்டேன். கதவைத் திறந்தபோது இராக்கம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். பனியில் சேலை நனைந்திருந்தது, எப்போது வந்தாளோ. என் முகத்தை நன்றாகப் பார்த்தாள், எழுந்து கீழே ஓடினாள். இப்போது லயத்து அடுப்பெல்லாம் புகைகிறது.